நீதிபதி பெயரில் ஒரு மேம்பாலம்

'லா லா லேண்ட்' படத்தின் முதல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கொளுத்தும் வெயில். பாலத்தின் மேல் நகராத கார்கள். ஒரு பெண் கதவைத் திறந்து இறங்கிப் பாட ஆரம்பிப்பாள். கொஞ்ச நேரத்தில் பாலம் முழுக்க ஆட்டம். கார் கூரை மேலெல்லாம் ஏறி ஆடுவார்கள். பாட்டு முடிந்ததும் எதுவுமே நடக்காத மாதிரி அவரவர் காருக்குள் போய் உட்கார்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்குவார்கள்.

அது செட் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸின் தெற்கில், 105 என்ற ஃப்ரீவேயும் 110 என்ற ஃப்ரீவேயும் குறுக்கிடும் இடத்தில் உள்ள நிஜப் பாலம். ஐந்து அடுக்கு. 1994இல் வந்த 'ஸ்பீட்' படத்தில் கட்டி முடிக்காத பாலத்தின் இடைவெளியைத் தாண்டி ஒரு பஸ் பறக்குமே, அதுவும் இதே சந்திப்பில் எடுத்ததுதான். பாலம் முழுசாகத்தான் இருந்தது, இடைவெளியைக் கணினியில் வெட்டியிருந்தார்கள். ஹாலிவுட்டுக்கு இந்த இடத்தின் மேல் ஏதோ ஒரு பிரியம்.

இந்தச் சந்திப்பின் அதிகாரப்பூர்வப் பெயரை நான் பல வருடம் கழித்து ஒரு வரைபடத்தில்தான் பார்த்தேன். நீதிபதி ஹாரி ப்ரெகர்சன் இன்டர்சேஞ்ச். பாலத்துக்கு அரசியல்வாதி பெயர் வைப்பார்கள், போரில் இறந்தவர் பெயர் வைப்பார்கள். நீதிபதி பெயர் ஏன்? தேடிப் போனேன். கிடைத்த கதை வேடிக்கையானது. இந்தப் பாலம் நிற்கும் சாலையைக் கட்டக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். பத்து வருடம் அந்தச் சாலை கட்டப்படவில்லை. பிறகு கட்டினார்கள், அவருடைய நிபந்தனைகளோடு. கட்டி முடித்ததும் அதன் மிகப் பெரிய பாலத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதை முதலில் ஒரு வெற்றிக் கதையாகத் தெரிந்தது. போகப் போக அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

*

ஃப்ரீவேக்கு முன்னால் அந்த ஊரில் ரயில் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் என்றாலே கார் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பசிபிக் எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தின் சிவப்பு ட்ராம்கள் அந்த வட்டாரம் முழுக்க ஓடின. தண்டவாளத்தின் மொத்த நீளம் 1,600 கி.மீ.க்கு மேல். அவற்றின் முக்கியமான கூடுதுறைகளில் ஒன்று வாட்ஸ். நகரத்தின் தெற்கில், பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. ஒவ்வொரு தடமாக மூடிக்கொண்டே வந்து, வாட்ஸ் வழியாக லாங் பீச் போகும் கடைசித் தடத்தையும் 1961 ஏப்ரலில் நிறுத்தினார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1959இல், கலிஃபோர்னியா சட்டமன்றம் மாநிலம் முழுமைக்குமான ஃப்ரீவே வரைபடத்தைச் சட்டமாக்கியிருந்தது. வரைபடத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒரு கட்டம் போட்ட துணி மாதிரி இருந்தது. எங்கிருந்து கிளம்பினாலும் சில கிலோமீட்டருக்குள் ஒரு ஃப்ரீவே. அதில் ஒரு கோடு, மேற்கே விமான நிலையத்தின் பக்கம் தொடங்கிக் கிழக்கே நார்வாக் வரை போனது. அதுதான் செஞ்சுரி ஃப்ரீவே. பிற்பாடு 105.

வரைபடத்தில் எல்லாக் கோடும் ஒரே கனம்தான். நிலத்தில் அப்படி இல்லை. பெவர்லி ஹில்ஸ் வழியாகவும் ஒரு கோடு போயிற்று. அங்கிருந்தவர்களுக்கு வக்கீல் இருந்தார்கள், சட்டமன்றத்தில் ஆள் இருந்தது. 1975இல் அந்தக் கோட்டை அழித்தே விட்டார்கள். ஷுகர் ஹில் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் அங்கே வீடு வாங்கியபோது, "கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது" என்ற பழைய பத்திர நிபந்தனையைக் காட்டி வெள்ளையர் சிலர் வழக்குப் போட்டார்கள். 1945இல் வழக்கில் ஜெயித்தது மெக்டேனியல் தரப்பு. அவர்கள் கோர்ட்டில் காப்பாற்றிய குடியிருப்பை, இருபது வருடம் தாண்டுவதற்குள் சாண்டா மோனிகா ஃப்ரீவே நடுவே பிளந்துகொண்டு போயிற்று. பத்திரத்தால் முடியாததைச் சாலை செய்துவிட்டது.

செஞ்சுரி ஃப்ரீவேயின் கோடு ஹாதார்ன், வாட்ஸ், வில்லோப்ரூக், லின்வுட், டவுனி என்று போயிற்று. பெரும்பகுதி உழைக்கும் மக்களின் வீடுகள். சின்னத் தோட்டம், முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு எலுமிச்சை மரம் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். 20,000க்கும் அதிகமானோர் இடம்பெயர வேண்டியிருந்தது.

*

1965 ஆகஸ்ட் 11. வாட்ஸுக்குப் பக்கத்தில், அவலான் சாலையும் 116ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தருகே, கார் ஓட்டி வந்த கறுப்பின இளைஞர் ஒருவரை நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்தியது. குடித்துவிட்டு ஓட்டியதாகச் சந்தேகம். வாக்குவாதம், தள்ளுமுள்ளு, கூட்டம். ஆறு நாட்கள் எரிந்தது. 34 பேர் செத்தார்கள்.

என்ன காரணம் என்று ஆராய ஆளுநர் ஒரு குழு போட்டார். தலைவர் ஜான் மக்கோன், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் முன்னாள் இயக்குநர். குழுவின் அறிக்கை பல விஷயங்களுக்காக விமர்சிக்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு கவனிப்பு இன்றும் நிற்கிறது. வேலை இருக்கும் இடத்துக்குப் போக இந்த மக்களிடம் வண்டி இல்லை, பஸ்ஸும் சரியாக இல்லை. மேற்கே எல் செகுண்டோவிலும் ஹாதார்னிலும் விமானத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. தூரம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கார் இல்லாதவனுக்கு அது வேறு நாடு.

சிவப்பு ட்ராம் நின்று நாலே வருடம்தான் ஆகியிருந்தது. வாட்ஸ் எரிந்ததற்கு ட்ராம் நின்றதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். போலீஸ், வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இருந்தன. ஆனால் ஒரு அரசு அந்தப் பகுதிக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். ரயிலை எடுத்தது. அடுத்து வீடுகளை எடுக்க வந்தது, அங்கே பலரிடம் இல்லாத கார்களுக்காக.

*

1972 பிப்ரவரியில் வழக்கு வந்தது. பாதையில் வீடு இருந்த சில தம்பதியர், கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி, சியரா கிளப், சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்று கலவையான ஒரு கூட்டணி. ஹாதார்ன் நகரமும் சேர்ந்துகொண்டது. எதிர்த்தரப்பில் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்பி. அதனால் சட்டப் புத்தகங்களில் வழக்கின் பெயர் 'கீத் எதிர் வோல்பி'. வாதாடியது பொதுநலச் சட்ட மையம் என்ற, தொடங்கி ஓரிரு வருடமே ஆன சின்ன அமைப்பு. அதன் இளம் வக்கீல்களில் ஒருவரான ஜான் பிலிப்ஸ் பின்னாளில் இத்தாலிக்கான அமெரிக்கத் தூதர் ஆனார்.

அவர்கள் கையில் ஒரு புதுச் சட்டம் இருந்தது. தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பெரிய திட்டம் எதையும் தொடங்கும் முன் அதனால் நிலத்துக்கும் காற்றுக்கும் மனிதர்களுக்கும் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று அரசு எழுத்தில் ஆராய வேண்டும். சாலைத் துறையின் பதில் என்னவாக இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். இது பழைய திட்டம், பாதை எப்போதோ முடிவாகிவிட்டது, புதுச் சட்டம் எங்களைக் கட்டாது.

ஹாரி ப்ரெகர்சன் இதை ஏற்கவில்லை. உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் பிள்ளை. அப்பா தபால் துறை ஊழியர். இரண்டாம் உலகப் போரில் ஒக்கினாவாவில் படுகாயம் பட்டவர். 1972 ஜூலையில் தடையாணை கொடுத்தார். இன்னும் கட்டாத சாலைக்கு இன்றைய சட்டம் பொருந்தும். சுற்றுச்சூழல் அறிக்கை எழுது. சத்தம், காற்று மாசு பற்றி மக்களைக் கூப்பிட்டுக் கேள். வெளியேற்றப்படுகிறவர்களுக்குப் போக வீடு உண்டா என்று காட்டு. அதுவரை வேலை நிற்கட்டும். மேல்முறையீட்டிலும் தடையாணை நிலைத்தது.

இந்த மனிதரைப் பற்றி ஒரு தகவல். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவரை நியமிக்கும் விசாரணையில், சட்டமும் உங்கள் மனசாட்சியும் மோதினால் எதன் பக்கம் போவீர்கள் என்று கேட்டார்கள். மனசாட்சியின் பக்கம் என்கிற மாதிரிதான் பதில் சொன்னார். வேலைக்கான நேர்காணலில் யாரும் சொல்லத் துணியாத பதில். வேலை கிடைத்தது. மேல் நீதிமன்றத்துக்குப் போன பிறகும் இந்த ஒரு வழக்கை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

*

இதுவரை கதை நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எளிய மக்கள், நல்ல வக்கீல், நேர்மையான நீதிபதி. நானும் இந்த இடத்தில்தான் உற்சாகமாக இருந்தேன். அடுத்த ஏழு வருடத்தைப் பற்றிப் படிக்கும் வரை.

தடையாணை வந்த நாளுக்குள் சாலைத் துறை ஏராளமான வீடுகளை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தது. பலர் காலிசெய்து போய்விட்டார்கள். ஒரு தெருவில் பத்து வீடு என்றால் ஆறு காலி, நாலில் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிக்கவும் கூடாது, கட்டவும் கூடாது. ஜன்னலில் பலகை அடித்த வீடுகள் வருடக்கணக்கில் அப்படியே நின்றன. செப்புக் கம்பியும் குழாயும் திருடு போயின. தீ வைத்தார்கள். போதை மருந்துக் கும்பல்கள் புகுந்தன. கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர் இல்லை. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். ஊர்களுக்கு வரி வருமானம் குறைந்தது. வீட்டை விற்கலாம் என்றால் யார் வாங்குவார்கள்? சாலை வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. வழக்குப் போட்டது எந்தத் தெருக்களைக் காப்பாற்றவோ, அந்தத் தெருக்களே வழக்கு நடந்த காலத்தில் செத்துக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் பாதையோர ஊர்களே, தயவுசெய்து சாலையைக் கட்டிவிடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தன.

நம் ஊரில் ஒரு சொல் உண்டு, இழுபறி. அதை நாம் எப்போதும் சோம்பலான அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறோம். ரெண்டு பக்கமும் இழுக்கும்போது நடுவில் இருப்பது என்ன ஆகும் என்று அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அப்படியானால் தடையாணை தவறா? நான் இதைப் பல நாள் யோசித்தேன். தடை போடாமல் விட்டிருந்தால் வீடுகள் போயிருக்கும், பதிலுக்கு எதுவும் வந்திருக்காது. தடை போட்டதால் பேரம் பேச ஒரு பிடி கிடைத்தது. ஆனால் அந்தப் பிடியின் விலையைக் கொடுத்தது பேரம் பேசிய வக்கீல்களோ அதிகாரிகளோ இல்லை. பலகை அடித்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற எந்த வரலாறும் எனக்கு இப்போது சந்தேகமாகத்தான் படுகிறது.

*

1979 அக்டோபரில் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. நீதிமன்றம் அதற்குத் தன் முத்திரையைக் கொடுத்துத் தீர்ப்பாணையாக்கியது. மீறினால் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அந்த ஆவணத்தின் அம்சங்களைப் படித்தபோது, நேற்று எழுதியது போல இருந்தது. இன்று உலகத்தில் எந்த நகரத்திலும் நெரிசலான சாலைக்கு 'நிலைத்த போக்குவரத்துத் திட்டம்' போட்டால் என்னென்ன எழுதுவார்களோ, கிட்டத்தட்ட எல்லாம் அதில் இருக்கிறது.

பத்து தடங்கள் கொண்டதாகத் திட்டமிட்ட சாலை எட்டாகக் குறைந்தது. அதில் இரண்டு தடம் தனியாளாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இல்லை, பஸ்ஸுக்கும் பலர் சேர்ந்து போகும் கார்களுக்கும் மட்டும். சாலையின் நடுவில் பொதுப் போக்குவரத்துக்கு என்று தனி இடம், பஸ்ஸோ ரயிலோ. நிலையங்களில் வண்டி நிறுத்துமிடம். வீடுகளின் பக்கம் சத்தத்தைத் தடுக்கும் சுவர். இடிக்கும் வீடுகளுக்கு ஈடாக 4,200 வீடுகள் புதிதாகக் கட்டியோ புதுப்பித்தோ தர வேண்டும். கட்டுமான வேலையில் பாதையோர மக்களுக்கும் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் பங்கு, அதற்கான தொழிற்பயிற்சி. வேலைக்கு வரும் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் காப்பகம்கூட. குடியிருப்போரின் குறைகளை எடுத்துப் பேசத் தனி அலுவலகம்.

ஒரு சாலைத் திட்டத்தில் குழந்தைகள் காப்பகம் எப்படி வந்தது? எந்தப் பொறியாளரின் மேஜையிலிருந்தும் அது வந்திருக்க முடியாது. சாலை என்றால் வண்டி எண்ணிக்கை, தடங்களின் அகலம், தாரின் தடிமன் என்று கணக்குப் போடுகிறவர்களிடம், சாலை என்றால் வேலை, வீடு, மூச்சு என்று எதிரே உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்ததால் வந்தது. அந்த ஆட்களுக்கு நாற்காலி கிடைத்ததே தடையாணையால்தான்.

பலர் சேர்ந்து போகும் தடத்துக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 1976 மார்ச்சில் சாண்டா மோனிகா ஃப்ரீவேயில் ஏற்கெனவே இருந்த ஒரு தடத்தை எடுத்து, மூன்று பேருக்குக் குறையாத கார்களுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் என்று ஒதுக்கினார்கள். தரையில் வைரக்கல் வடிவக் குறி. நகரமே கொதித்தது. 21 வாரத்தில் இன்னொரு நீதிபதி அதை நிறுத்திவிட்டார். அதிலிருந்து அதிகாரிகள் கற்ற பாடம், காரில் தனியே போகிறவனிடம் இருப்பதில் கை வைக்காதே, புதிதாகக் கட்டும்போது மட்டும் ஒதுக்கு. அந்தப் பாடத்தின் விளைவு விசித்திரமானது. கார் குறைய வேண்டுமென்றாலும் முதலில் ஒரு சாலையை அகலப்படுத்த வேண்டும்!

ஒப்பந்தம் அப்படியே நிறைவேறவும் இல்லை. 1981இல் ரீகன் அரசு வந்தது. செலவில் பெரும்பங்கு கொடுப்பது மத்திய அரசு. குறைத்தால்தான் பணம் என்றது. திருத்திய ஆணையில் 4,200 வீடு 3,700 ஆயிற்று, நிலையங்களும் இறங்குவழிகளும் குறைந்தன. 1982இல் கட்டுமானம் தொடங்கியது. 1993 அக்டோபர் 14 அன்று சாலை திறந்தது. சுமார் 28 கி.மீ. நீளம், 220 கோடி டாலர் செலவு. சாலை வந்துவிட்டது. ஈட்டு வீடுகள் மிக மெதுவாக வந்துகொண்டிருந்தன. அந்த வீட்டுத் திட்டத்திலிருந்து பிறந்த செஞ்சுரி ஹவுசிங் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, இன்றும் எளியவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையில் சத்தமில்லாமல் நடந்த நல்ல விஷயம் அதுதான்.

இடிபட்ட வீடுகளில் ஒன்று ஹாதார்னில், 119ஆம் தெருவில் இருந்தது. பீச் பாய்ஸ் குழுவின் வில்சன் சகோதரர்கள் வளர்ந்த வீடு. கார்களையும் கடற்கரையையும் பாடி உலகப் புகழ் பெற்றவர்கள். எண்பதுகளில் அந்த வீடு கார்களுக்கு வழிவிட்டது. இப்போது அங்கே ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. பக்கத்தில் இடிந்த மற்ற வீடுகளுக்கு அதுவும் இல்லை.

*

ரயில் 1995 ஆகஸ்ட் 12 அன்று வந்தது. பச்சைத் தடம் என்று பெயர். இப்போது சி தடம். அதில் போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் போனபோது விமான நிலையத்திலிருந்து ஆர்ட்டீசியாவுக்குப் போக வேண்டியிருந்தது. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் புடவைக் கடைகளும் வரிசையாக இருக்கும் இடம். நண்பர், "பைத்தியமா உனக்கு? கார்ல வரேன், நில்லு" என்றார். நான் கேட்கவில்லை.

அப்போது ரயில் விமான நிலையத்துக்குள் வராது. பஸ் பிடித்து ஏவியேஷன் நிலையத்துக்குப் போய் ஏற வேண்டும். உலகத்தின் பெரிய விமான நிலையங்களில் ஒன்று. பக்கத்திலேயே ரயில் போகிறது. உள்ளே மட்டும் போகாது. ஓடுபாதைக்கு அருகே மின்கம்பிகள் வருவது பற்றிய தயக்கம், விமான நிலையத்தின் மாறிக்கொண்டே இருந்த திட்டங்கள், பணம் என்று காரணம் சொல்கிறார்கள். வாடகைக் கார்க்காரர்களின் சதி என்று உள்ளூரில் ஒரு கதையும் உண்டு. கிழக்கு முனையிலும் இதே கதிதான். நார்வாக்கில் ரயில் நின்றுவிடுகிறது. புறநகர் ரயில் நிலையம் அங்கிருந்து சுமார் நாலு கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பக்கமும் எட்டாத கை.

நிலையங்கள் சாலையின் நடுவே இருக்கின்றன. படியிறங்கிப் போனால் இரண்டு பக்கமும் நாலு நாலு தடம், நடுவில் நாம். ஃபோனில் நண்பர் பேசியது ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ரப்பரும் புகையும் கலந்த ஒரு வாடை. ஹார்பர் ஃப்ரீவே நிலையம் நான் தேடி வந்த அதே ஐந்தடுக்குச் சந்திப்பின் அடிவயிற்றில் இருக்கிறது. தலைக்கு மேல் பாலம் மேல் பாலம். சினிமாவில் ஆடியது மேல் தளத்தில். கீழே ஒரு அம்மா, காய்கறிப் பையோடு, காதில் விரலை வைத்துக்கொண்டு ரயிலுக்காகக் காத்திருந்தார்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. ரயிலுக்குச் சாலையின் நடுவில் இடம் கொடுத்தது சமரசம். நிலம் தனியாக வாங்க வேண்டியதில்லை, மலிவு. ஆனால் ரயில் நிலையம் என்றால் அதைச் சுற்றி ஒரு டீக்கடை வேண்டும், நாலு வீடு, ஒரு சந்தை வேண்டும். நடந்து வருகிறவன் வந்து சேர வேண்டும். இங்கே நிலையத்தைச் சுற்றி இருப்பது ஃப்ரீவேக்கு ஏறும் வழியும் இறங்கும் வழியும். ரயிலைக் கொடுத்தவர்கள் அதைக் காருக்கு நடுவில் சிறை வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு முரணும் உண்டு. மக்கோன் குழு கவலைப்பட்ட அந்த மேற்குப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகும்படிதான் ரயிலின் பாதை திரும்பியது. ஆனால் 1995க்குள் பனிப்போர் முடிந்து விமானத் தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்தன. வாட்ஸ்காரர்களுக்கு வேலைக்கு ரயில் வேண்டியிருந்தபோது ரயில் இல்லை. முப்பது வருடம் கழித்து ரயில் வந்தபோது அந்த வேலைகள் இல்லை. இடையில் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனத்திடம் ஓட்டுநர் இல்லாத ரயில்கள் வாங்கவிருந்தார்கள். 1992இல் 'அமெரிக்கப் பொருளையே வாங்கு' என்று கிளம்பிய அலையில் அந்த ஒப்பந்தமும் போனது.

சாலையோ? அதில் நாளொன்றுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் போகும் பகுதிகள் உண்டு. காலையிலும் மாலையிலும் லா லா லேண்ட்தான், பாட்டு மட்டும் இல்லை. இப்போது பலர் சேர்ந்து போகும் தடங்களைக் கட்டணத் தடங்களாக மாற்றும் திட்டம் வந்திருக்கிறது. தனியாகப் போகிறவரும் காசு கொடுத்தால் போகலாம், நெரிசல் கூடக் கூடக் கட்டணம் கூடும். 1979இல் மக்கள் வாதாடி வாங்கிய தடம் அது. டவுனி பக்கம் சாலையைப் பள்ளத்தில் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்துவிட்டதால், சாலை மூழ்காமல் இருக்க பம்ப் வைத்து நீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சாலை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

*

திரும்பும் வழியில் அவலான் நிலையத்தில் இறங்கிப் பார்த்தேன். வெளியே சாலைக்கு வந்தால் 116ஆம் தெரு கூப்பிடு தூரம். 1965இல் அந்தக் காரை நிறுத்திய இடம். நான் பார்த்தவரை சாதாரணமான ஒரு தெரு முனை. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மேற்கே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையாம். தினமும் இந்த ரயில்தானா என்று கேட்டேன்.

"இது இல்லேன்னா எனக்கு அந்த வேலையே இல்லை" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இப்படித்தான் எனக்குத் தமிழில் கேட்டது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "சத்தம்தான் தாங்க முடியல" என்றார்.

செஞ்சுரி ஃப்ரீவேயைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பொறியாளர்கள் தாமதத்தைக் குறை சொல்கிறார்கள், சுற்றுச்சூழல்காரர்கள் சமரசத்தைக் குறை சொல்கிறார்கள், பொருளாதாரம் படித்தவர்கள் செலவைக் குறை சொல்கிறார்கள். மூன்று பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பஸ் நிறுத்தத்து மனிதரின் இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்தால் எனக்கு முழு வரலாறும் கிடைத்துவிடுகிறது. ஒரு வரைபடத்துக்கு எதிராக மக்கள் கோர்ட்டுக்குப் போனதால் அவருக்கு ரயில் வந்தது. அவர்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்ததால் அதில் சத்தம் இருக்கிறது.

ஹாரி ப்ரெகர்சன் 2017 நவம்பரில், 94ஆவது வயதில் இறந்தார். 2025 ஜூன் 6 அன்று விமான நிலையத்தின் பெயர் தாங்கிய ரயில் நிலையம் ஒருவழியாகத் திறந்தது. பச்சைத் தடம் தொடங்கிக் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகியிருந்தது. செய்தியைப் பார்த்ததும் நண்பருக்கு அனுப்பினேன். "இனிமே கார் அனுப்ப வேணாம்" என்று எழுதினேன்.

"நார்வாக்லேர்ந்து எப்படி வருவ?" என்று பதில் வந்தது.